கடலோரச் சிற்றூரில் ஒரு கணினி இலக்கணம்

ஆண்டுதோறும் மாணவர் சேர்க்கை நிகழும் நாள்களில் தமிழ்த்துறையின் வாயிலில் ஒரு வினா வந்து நிற்கும். "தமிழ் படித்து என்ன செய்வது?" என்பதே அவ்வினா. பெற்றோர் கேட்பர், உறவினர் கேட்பர், சிற்சில வேளைகளில் பிற துறைப் பேராசிரியப் பெருமக்களும் புன்முறுவலோடு கேட்பர். பழம்பெருமை பேசி இதற்கு விடையிறுத்தல் எளிது. ஆயினும், தம் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தந்தைக்கு அவ்விடை நிறைவளிப்பதில்லை. எனவே, இம்மலரில் நம் மாணாக்கர் ஒருவரின் தொழில் வாழ்வை எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் தமிழிலக்கியம் பயின்றவர் அல்லர். கணினி அறிவியல் பயின்றவர். மென்பொருள் ஆலோசகராகப் பல்லாண்டு பணியாற்றி, இன்று பொருள்நோக்கு நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியராக விளங்குபவர். அவர் வளர்ச்சியில் பகுதி ஒன்று தமிழ் வகுப்புக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதால் இதனை எழுதுகின்றோம்.

மண்டபத்தூர் மாணாக்கர்

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிக்குத் தெற்கே, வங்கக் கடலோரம் அமைந்த மீனவர் ஊர் மண்டபத்தூர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையைத் தாக்கியபோது அம்மாணாக்கர் பத்தாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தார். தந்தையாரின் பைபர் படகும் வலைகளும் போயின. வீட்டாரின் உயிர் தப்பியது. அதன் பின்னர்த்தான், "இவனாவது கடலுக்குப் போகாமல் பிழைக்கட்டும்" என்று அத்தந்தையார் முடிவு செய்தாராம்.

நாம் இக்கல்லூரியில் விரிவுரையாளராகப் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில் அவர் இளம் அறிவியல் கணினி வகுப்பில் சேர்ந்தார். பள்ளியிறுதி வரை தமிழ்வழியில் பயின்றவர். நம் வகுப்பில் முதல் இருக்கையில் அமர்வார். நன்னூற் சொல்லதிகாரத்தில் வினா எழுப்புவார். ஆனால் தம் முதன்மைப் பாடத்தில் பின்தங்கினார். இரண்டாம் ஆண்டில் 'சி பிளஸ் பிளஸ்' தாளில் இருமுறை தேர்ச்சி பெறவில்லை. ஒருநாள் மாலை துறைக்கு வந்து, "ஐயா, படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

நமக்குக் கணினி தெரியாது. ஆகவே, அவர் கையிலிருந்த பாடநூலைப் பார்த்து, "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? இந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது?" என்று ஒவ்வொன்றாக வினவினோம். அவர் ஆங்கில வரையறையை ஒப்பித்தார். "அது இருக்கட்டும். உங்கள் ஊரில் நாம் கண்ணால் காணும் பொருளை வைத்துச் சொல்" என்றோம். நெடுநேரம் மௌனமாக இருந்தவர், பின்னர் படகைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அன்று மாலை இருள் சூழும்வரை அவர் பேச, நாம் கேட்டோம். அவர் சொன்னதன் சாரம் பின்வருமாறு.

படகும் வலையும் உணர்த்திய பாடம்

கடற்கரையில் படகுகள் பல நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பதிவெண் வேறு, நீளம் வேறு, உரிமையாளர் வேறு. ஆயினும் 'படகு' என்னும் பொதுக்கருத்து ஒன்றே. படகு என்றால் அதற்கு இன்னின்ன பண்புகள் இருக்கும், அது இன்னின்ன செயல்களைச் செய்யும் என்று முன்கூட்டியே வகுத்து வைப்பது 'வகுப்பு'. அவ்வகுப்பின்படி உருவாகிக் கரையில் நிற்கும் ஒவ்வொரு தனிப்படகும் 'பொருள்'. இதனையே நாம் அவருக்குத் தரங்கம்பாடியைக் கொண்டு விளக்கினோம். சீகன்பால்கு 1706இல் அங்கு வந்திறங்கிய பின்னர், 1712 தொட்டு அவ்வூரில் அச்சகம் இயங்கியது. ஓர் எழுத்துக்குத் தாய் அச்சு ஒன்றே. அதிலிருந்து வார்த்தெடுக்கும் ஈய எழுத்துகளோ எண்ணற்றவை. தாய் அச்சு வகுப்பு எனில், வார்த்த எழுத்து பொருள்.

கட்டுமரம், பைபர் படகு, விசைப்படகு ஆகிய மூன்றும் 'கலம்' என்னும் பொதுவகுப்பின் பண்புகளைப் பெற்று, தமக்கெனச் சில பண்புகளைக் கூடுதலாகக் கொள்கின்றன. இது 'மரபுரிமம்'. "புறப்படு" என்னும் ஒரே கட்டளைக்குக் கட்டுமரம் துடுப்பால் நகரும். விசைப்படகு இயந்திரத்தால் நகரும். கட்டளை ஒன்று, நிறைவேற்றும் முறை பல. இது 'பல்லுருவாக்கம்'. மீன் ஏலத்தில் கணக்கேட்டை ஏலக்காரர் ஒருவரே எழுதுவார். தமக்கு வரவேண்டிய தொகை எவ்வளவு என்று யாரும் அவரைக் கேட்கலாம். ஏட்டை வாங்கித் தாமே திருத்தல் இயலாது. இங்ஙனம் தரவை உள்ளே காத்து, கேட்பதற்கு மட்டும் வழி வைத்தல் 'உறைபொதியாக்கம்'.

மரபுரிமம் என்னும் சொல்லில் மட்டும் அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. "ஐயா, இது சொத்துப் போலவா, குணம் போலவா?" என்றார். நல்ல வினா. நம் சமுதாயப் பெரியோர் பாகப்பிரிவினையை நன்கறிவர். சொத்து பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கே கிட்டும். நிரலில் நிகழ்வது அத்தகையதன்று. தாய்வகுப்பின் பண்புகள் ஒவ்வொரு சேய்வகுப்புக்கும் முழுமையாகச் சென்றடைகின்றன; தாய்வகுப்பிலும் ஒன்றும் குறைவதில்லை. எனவே அது குணம் போன்றது, கல்வி போன்றது என்று தெளிந்தோம்.

அடுத்த பருவத்தில் அவர் அத்தாளில் தேர்ச்சி பெற்றார். தேர்வை எழுதியது ஆங்கிலத்தில்தான். ஆனால், எழுதிய ஒவ்வொரு வரியின் பின்னும் ஒரு படகு நின்றது என்று பின்னாளில் நம்மிடம் கூறினார்.

இத்துறையின் பிறப்பு

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வரலாற்றைப் பிற்காலத்தில் அவர் வாயிலாகவே அறிந்தோம். நார்வே நாட்டில் ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நிகார்டு என்னும் இருவர் 1960களில் உருவாக்கிய 'சிமுலா' மொழியே இதன் ஊற்றுக்கண். உலக நிகழ்வுகளைக் கணினிக்குள் போலச்செய்து பார்க்கும் நோக்கில் பிறந்தது அது. 'சிமுலா 67' வகுப்பு, பொருள், மரபுரிமம் ஆகிய கருத்துகளை வழங்கிற்று. 1970களில் அமெரிக்காவில் ஆலன் கே முதலியோர் 'ஸ்மால்டாக்' மொழியைப் படைத்தனர். 1979இல் பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய முயற்சி 'சி பிளஸ் பிளஸ்' ஆயிற்று. 1995இல் 'ஜாவா' வெளிவந்தது. டாலுக்கும் நிகார்டுக்கும் 2001ஆம் ஆண்டிற்குரிய டூரிங் விருது வழங்கப்பெற்றது. இருவரும் 2002இல் மறைந்தனர்.

நிகார்டு பற்றிய மற்றொரு செய்தி நம் நெஞ்சைத் தொட்டது. 1970களின் தொடக்கத்தில் அவர் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து பணியாற்றினார். ஆலைக்குள் கணினி நுழையும்போது, அதனால் தம் வேலை எவ்வாறு மாறும் என்பதைத் தொழிலாளரே ஆராய்ந்தறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. தொழில் செய்பவன் தன் தொழிலைத் தன் சொல்லால் விளக்க இயலும் என்னும் நம்பிக்கை அதில் அடங்கியுள்ளது.

இந்தியாவில் இக்கலையை மாணவர்க்கு எளிமையாக்கியவருள் இ. பாலகுருசாமி குறிப்பிடத்தக்கவர். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணைய உறுப்பினராகவும் விளங்கிய அவர் எழுதிய சி பிளஸ் பிளஸ் நூல், நாடெங்கும் கல்லூரிகளில் பயிலப்பெறுகின்றது. நம் மாணாக்கர் அன்று கையில் ஏந்தி வந்ததும் அந்நூலின் பழைய படியே.

ஆலோசகர் வாழ்வு

பட்டம் பெற்ற பின் அவர் கணினிப் பயன்பாட்டியலில் முதுநிலை பயின்று, சென்னைப் பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் ஆலோசகர் ஆனார். மென்பொருள் ஆலோசகர் என்பவர் யார்? மருத்துவமனையோ வங்கியோ கிடங்கோ, ஒரு நிறுவனம் தன் வேலையைக் கணினிக்கு மாற்ற விழையும்போது, அங்குச் சென்று அவர்தம் தேவையைக் கேட்டறிந்து, அதற்குரிய மென்பொருளின் கட்டமைப்பை வரைந்து தருபவர். நிரல் எழுதுவது அவர் பணியில் ஒரு பகுதியே. பெரும்பகுதி கேட்பதும், கேட்டதைப் பிழையறச் சொல்லில் வடிப்பதும் ஆகும்.

அவர் நம்மிடம் ஒருமுறை கூறியதாவது: "ஐயா, கிடங்கு மேலாளர் தம் வேலையை விவரிக்கும்போது நான் பெயர்ச்சொற்களை ஒரு பக்கமும் வினைச்சொற்களை மறுபக்கமும் எழுதிக்கொள்வேன். பெயர்கள் வகுப்புகளாகும், வினைகள் அவற்றின் செயல்களாகும்." இது அவர் கண்டுபிடித்த முறையன்று. 1983ஆம் ஆண்டிலேயே ரஸ்ஸல் அபட் என்பார் இவ்வழியை ஒரு கட்டுரையில் விளக்கியுள்ளார். பொதுப்பெயர் வகையையும், சிறப்புப்பெயர் தனிப்பொருளையும், வினை செயலையும் சுட்டும் என்பது அவர் கருத்து. பெயர், வினை, பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்னும் பாகுபாடு தமிழிலக்கணம் பயின்ற மாணவனுக்குப் புதிதன்று. அதனால் நம் மாணாக்கருக்கு அம்முறை விரைவில் கைவந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் நம் கடமை. தொல்காப்பியர் கணினி நிரலாக்கம் அறிந்திருந்தார் என்பன போன்ற கூற்றுகள் மேடைகளில் ஒலிக்கின்றன. அவை தொல்காப்பியர்க்கும் பெருமை சேர்ப்பன அல்ல; கணினி அறிஞர்க்கும் நீதி செய்வன அல்ல. உலகப் பொருள்களை வகைப்படுத்திச் சொல்லில் அமைப்பது எம்மொழி இலக்கணத்துக்கும் பொதுவானது. தமிழிலக்கணம் அதனை ஆழமாகச் செய்துள்ளது; அதனைக் கற்றவர் மனம் வகைப்படுத்தலில் பழகுகின்றது. நாம் சொல்லத்தக்கது இவ்வளவே. இதுவே போதுமானதும் ஆகும்.

ஆலோசகர் வாழ்வு மலர்ப்பாதையன்று. ஒரு திட்டம் முடிந்து மறுதிட்டம் கிட்டும்வரை வேலையின்றிக் காத்திருத்தல் வேண்டும். அக்காத்திருப்பு நீண்டால் நிறுவனம் விடைகொடுத்துவிடும். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அவருக்கு அவ்வாறே நேர்ந்தது. மனைவியோடும் கைக்குழந்தையோடும் அவர் மண்டபத்தூர் திரும்பினார். ஊரார் சிலர், "இத்தனை படித்தும் கடைசியில் கரைக்குத்தானே வந்தான்" என்றனர். அச்சொல் தந்தையாரை வருத்தியது.

ஊர்க்கூடத்தில் ஒரு வகுப்பு

கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் ஊரில் ஓய்வு மிகுதி. அத்தகைய ஒரு தடைக்காலத்தில், தொற்று தணிந்த பின்னர், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மாலை வகுப்பொன்றைத் தொடங்கினார். கல்லூரியில் கணினி பயிலும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் பதினொருவர் வந்தனர். அவர் பொருள்நோக்கு நிரலாக்கத்தைத் தமிழில் கற்பித்தார். கலைச்சொற்களுக்கு நம் துணையை நாடினார். ஞாயிறுதோறும் நாம் பேருந்தேறி அங்குச் சென்றோம்.

மூன்றாம் வாரத்திலேயே இடர் தலைகாட்டியது. ஒரு மாணவியின் தந்தை கூடத்துக்கு வந்து, "தம்பி, உங்கள் மேல் குறையில்லை. ஆனால் நேர்காணலில் இங்கிலீசில்தானே கேட்பான்? தமிழில் படித்தால் என் பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்?" என்று கேட்டு மகளை அழைத்துச் சென்றார். மறுநாள் மேலும் இருவர் வரவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று நம்மால் சொல்ல இயலவில்லை. நம் குடும்ப வரலாறே அதற்குச் சான்று. நம் பாட்டனார் பிரெஞ்சு மொழி அறிந்ததால் சைகோன் சென்று பொருளீட்டினார். வாப்பா பிரெஞ்சுப் பள்ளியில் பயின்று முடிப்பதற்குள் 1954 நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. வேலைக்குரிய மொழி ஆங்கிலமாயிற்று. இருபத்தைந்தாம் அகவையில் அவர் மீண்டும் மொழி பயிலத் தொடங்கியதை உம்மா சொல்லக் கேட்டிருக்கின்றோம். சோறு போடும் மொழி தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இன்றும் மாற்றம் நிகழ்கின்றது. 2023-24 கல்வியாண்டு தொட்டுப் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறியுள்ளன. இந்நிலையில் ஒரு தந்தையின் அச்சத்தைத் தமிழ்ப்பற்றின்மை என்று பழித்தல் தகாது.

நம் மாணாக்கர் அத்தந்தையின் வீட்டுக்கே சென்றார். மென்பொருளுலகிலும் மொழிகள் மாறிக்கொண்டே இருப்பதை எடுத்துரைத்தார். கோபால் கற்றவர்கள் 2000ஆம் ஆண்டுச் சிக்கலின்போது தேடப்பட்டனர். ஜாவாவுக்கும் தேவை பெருகியது. பின்னர்ப் பைத்தான் பரவியது. மொழியை மட்டும் கற்றவர் ஒவ்வொரு முறையும் தடுமாறினர். அடிப்படையைக் கற்றவர் சில திங்களில் புதியதற்கு மாறிக்கொண்டனர். அவ்வடிப்படையைப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் ஊன்றிவிட்டால், பின்னர் அதனை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குவது கடினமன்று என்றார். இவ்வாறு ஓர் உடன்பாடு உருவாயிற்று. கருத்து தமிழில்; நிரல் அதன் இயல்பான ஆங்கிலக் குறிச்சொற்களில்; சனிக்கிழமைதோறும் நேர்காணல் பயிற்சி முழுவதும் ஆங்கிலத்தில். அம்மாணவி மீண்டும் வந்தார்.

அவர் எழுதிய முதல் முழு நிரல் எது தெரியுமா? தலைச்சுமையாக மீன் விற்கும் தம் தாயாரின் கணக்கு. எந்தத் தெருவில் யாருக்கு எவ்வளவு கடன், ஏலத்தில் எடுத்த விலை என்ன, நாள் முடிவில் மிஞ்சியது எவ்வளவு என்பதைக் காட்டும் நிரல் அது. அத்தாயார் எழுத்தறியார், எனினும், "கடன் திரும்பாமல் போனால் அதை எங்கே வைப்பாய்?" என்று மகளைக் கேட்டார். மகள் அதற்கெனப் புதியதொரு வகுப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நார்வேயின் நிகார்டு தொழிலாளர்மீது கொண்ட நம்பிக்கை அன்று மண்டபத்தூர்க் கூடத்தில் மெய்ப்பட்டதை நேரிற் கண்டோம்.

அம்முதல் அணியில் நிறைவுவரை நின்றவர் ஒன்பதின்மர். அவருள் நால்வர் இன்று மென்பொருள் துறையில் பணிபுரிகின்றனர். மற்றையோர் வேறு வழி சென்றனர். நம் மாணாக்கர் ஒரு பொறியியற் கல்லூரியில் இப்பாடத்தைக் கற்பித்துக்கொண்டே ஆலோசனைப் பணியையும் ஓரளவு செய்து வருகின்றார். சென்னையில் பெற்ற ஊதியம் இல்லை. ஆயினும் மாலை வகுப்பு நிற்கவில்லை.

சொல்லாக்கமும் நம் கடமையும்

அவ்வகுப்புக்குச் சொல் தேடிய நாள்களில் நமக்கு உற்ற துணையானவை கணினிக் கலைச்சொல் அகராதிகள். இத்துறையில் முன்னோடியாகிய மணவை முஸ்தபா அவர்களை நன்றியோடு நினைவுகூர்கின்றோம். 1935இல் பிறந்து 2017இல் மறைந்த அவர், 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் தொண்டாற்றியவர். மருத்துவத்துக்கும் கணினிக்கும் கலைச்சொல் அகராதிகள் ஆக்கித் தந்தவர். அறிவியலைத் தமிழில் சொல்ல இயலும் என்பதைச் செய்துகாட்டி மெய்ப்பித்த பெருந்தகை அவர்.

தமிழ்நாட்டு மேனிலைக் கணினி அறிவியல் பாடநூலின் தமிழ்வழிப் பதிப்பு, வகுப்பை 'இனக்குழு' எனக் குறிக்கின்றது. வேறு சிலர் 'வகுப்பு' என்றே வழங்குவர். மண்டபத்தூர்ப் பிள்ளைகளிடம் இரண்டையும் கூறினோம். வகுப்பு என்பது பள்ளி வகுப்போடு மயங்கும் என்றார் ஒருவர். இனக்குழு என்பது மக்கட் பிரிவோடு மயங்கும் என்றார் மற்றொருவர். முடிவில் அவர்கள் 'வகுப்பு' என்பதையே தேர்ந்தனர். சொல் எதுவாயினும், அதனைப் பயன்படுத்துவோர் வாதிட்டுத் தேர்ந்தால் அது நிலைக்கும் என்பதை அன்று உணர்ந்தோம்.

தமிழ்வழிப் பயின்றோர் இத்துறையில் உயர இயலுமா என ஐயுறுவோர்க்கு நாமக்கல் மாவட்டத்து மோகனூரைச் சுட்டலாம். அவ்வூரில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் பயின்ற ந. சந்திரசேகரன், திருச்சி மண்டலப் பொறியியற் கல்லூரியில் எம்.சி.ஏ. பட்டம் பெற்று, 1987இல் டி.சி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்து, 2009இல் அதன் தலைமைச் செயல் அலுவலரானார். 2017இல் டாட்டா சன்ஸ் தலைவரானார். ஒருவர் உயர்ந்ததால் எல்லார்க்கும் வழி திறந்துவிட்டது என்று கொள்ளலாகாது. அவர் போன்றோர் பலர் இடைவழியில் நின்றுவிடுகின்றனர். நிற்பதற்குக் காரணம் அறிவுக்குறை அன்று. விளங்காத மொழியில் முதற்பாடம் தொடங்குவதே பெரும்பான்மையும் காரணம் என்பது நம் பட்டறிவு.

2022ஆம் ஆண்டின் இறுதி தொட்டு உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவி, நிரல் எழுதும் பணியையும் மேற்கொள்ளத் தொடங்கியுள்ளன. "இனி நிரலாக்கம் கற்பது வீணோ?" என்று நம் மாணாக்கரை வினவினோம். "ஐயா, கருவியிடம் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், அது தந்ததைச் சரிபார்க்கவும் வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்" என்றார். நுண்ணிதாகக் கேட்டலும் தெளிவாகச் சொல்லுதலும் மொழிப்பாடத்தின் பயன்கள் அல்லவா?

ஆகவே, இம்மலரைப் படிப்போர் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். அன்பு மாணவ மாணவியரே, பகுதி ஒன்று தமிழைத் தேர்ச்சிக்குரிய தாள் என்று மட்டும் எண்ணற்க. பெயரையும் வினையையும் பிரித்தறியப் பழகுங்கள். ஆசிரியப் பெருமக்களே, கணினித் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து, முதலாண்டு மாணவர்க்கு அடிப்படைக் கருத்துகளைத் தமிழில் விளக்கும் இணைப்பு வகுப்பொன்றைத் தொடங்குவோம். அதற்குரிய சிறு கையேட்டை எழுதும் பொறுப்பை நம் துறை ஏற்கும். சமுதாயப் பெரியோரே, கட்டடங்களுக்கு வாரி வழங்கும் நீங்கள், சிற்றூர்களின் மாலை வகுப்புகளுக்கும் சில கணினிகளை வழங்கி உதவுங்கள். மண்டபத்தூர்க் கூடத்தில் இன்று பத்தொன்பது பிள்ளைகள் பயில்கின்றனர். அங்குள்ள கணினிகள் நான்கு.